மரண ரயிலின் தடத்தில் – 6: மழைக்காலத்துக் கணக்கு

சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், உள்ள காஞ்சனபுரிக்குச் சுற்றுலாச் செல்வோர் பெரும்பாலும் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரையில், வானம் தெளிந்து, ஆறு வடிந்து, காற்றில் இலேசான குளிர்ச்சி பரவியிருக்கும் காலத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள். அதில் குற்றம் கூற ஒன்றுமில்லை. ஆனால் சயாம்–பர்மா ரயில் பாதையின் சரித்திரத்தை அறியவேண்டுமென்ற நோக்கத்தோடு வருகிறவன் அந்தப் பருவத்தில் வந்தால், பார்க்க வேண்டிய ஸ்தலங்களையெல்லாம் பார்த்துவிட்டும், அறிய வேண்டியதை அறியாமலே திரும்புவான் என்பது என் அபிப்பிராயம். அந்தப் பாதையில் மாண்டவர்களில் மிகப் பலர் மாண்டது 1943-ஆம் வருஷத்து மழைக்காலத்தில். மே மாதத்தில் வானம் திறந்துகொண்டதற்கும் அக்டோபரில் இரு முனைகளிலிருந்தும் போட்டுவந்த தண்டவாளங்கள் கூடியதற்கும் இடையில். ஆகையால்தான், கருமேகம் மலையின் பாதிவரை இறங்கிக் கிடந்த ஓர் ஆகஸ்டு மாதத்துக் காலையில், காஞ்சனபுரியில் வாடகைக்கு எடுத்த 150 சி.சி. மோட்டார் சைக்கிளில், 323-ஆம் எண் நெடுஞ்சாலை வழியே வடமேற்கு நோக்கிப் புறப்பட்டேன். வண்டி கொடுத்த அம்மாள் என்னையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சாவியைக் கொடுப்பதற்கு முன்பாக உள்ளே போய், முழங்கால் வரை தொங்கும் ஒரு பிளாஸ்டிக் மழைச்சட்டையை எடுத்துவந்து, அதற்குக் காசு வேண்டாம் என்று கையாலேயே சொல்லிவிட்டாள்.

சென்ற அத்தியாயங்களில் கூறியதை இங்கே சுருக்கமாக நினைவூட்டுவது தகும். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தபின், பர்மாவில் போரிட்டுக்கொண்டிருந்த தன் சேனைக்கு உணவும் ஆயுதமும் அனுப்ப ஜப்பானுக்கு மலாக்கா ஜலசந்தி வழியான கடல் மார்க்கம் ஒன்றே இருந்தது; அதுவோ நேசநாட்டு நீர்மூழ்கிகளின் கண்ணில் படும் மார்க்கம். ஆகவே சயாமில் பான்போங் என்ற ஊருக்கு அருகேயுள்ள நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவில் தான்புஸாயாட் வரை 415 கிலோமீட்டர் தூரத்துக்கு, காட்டையும் மலையையும் ஊடறுத்து, மீட்டர் அகலப் பாதை ஒன்றை நிர்மாணிப்பதென்று தீர்மானித்தார்கள். ஆங்கிலேயர் முன்பே அந்தப் பிரதேசத்தை ஆராய்ந்து பார்த்து, ஆகாத காரியமென்று கைவிட்டிருந்தார்கள். அது ஆனதற்குக் காரணம் யந்திர வல்லமையன்று. 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட யுத்தக் கைதிகளையும், அவர்களைப்போல் மூன்று மடங்குக்குக் குறையாத ஆசியத் தொழிலாளரையும் செலவுக் கணக்கில் சேர்க்காமல் செலவழிக்க ஒரு ராஜாங்கம் துணிந்ததுதான்.

குவாய் ஆற்றுப் பாலம் என்று புகழ்பெற்ற அந்தப் பாலத்தில் நான் வெகுநேரம் நிற்கவில்லை. தாமாக்கானில் இருக்கும் அந்த இரும்புப் பாலத்தின் வளைந்த சட்டங்கள் ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவரப்பட்டவை. குண்டு வீச்சில் நொறுங்கிய பாகத்துக்குப் பதிலாக யுத்தத்துக்குப்பின் பொருத்தப்பட்ட இரண்டு சட்டங்கள் மட்டும் நேர்கோட்டில் நிற்கின்றன. இதைப் பற்றி 1957-இல் வெளிவந்த ஆங்கிலத் திரைப்படத்தைக் கண்டவர்கள் அதன் பாலத்தை இங்கே தேடி ஏமாறுகிறார்கள். படத்தில் தகர்ந்த மரப்பாலம் இலங்கையில், கித்துல்கலைக்கருகே களனி ஆற்றின்மீது கட்டப்பட்டது. உண்மையான பாலத்தில் கைதிகளுக்குத் தலைமை வகித்த பிலிப் டூஸி என்ற அதிகாரியோ, படத்தில் வரும் அதிகாரிக்கு முற்றிலும் மாறான மனிதர். சினிமாவுக்கும் சரித்திரத்துக்கும் உள்ள இந்த வழக்கைத் தீர்க்க இத்தொடரில் இடமில்லை. கரையிலிருந்து சற்றுத் தள்ளி, 1944-இல் ஜப்பானியர் தாமே எழுப்பிய ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. மாண்டவர்களின் ஆத்ம சாந்திக்காக அதில் பல மொழிகளில் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். அவற்றில் தமிழும் ஒன்று. ஆனால் எந்த மொழியிலும் மாண்டவர் பெயர் ஒன்றுகூட அங்கே இல்லை. வாசகர்கள் இதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

நகரத்தைத் தாண்டியதும் கரும்புக் காடும், மரவள்ளிக் காடும், இடையிடையே செங்குத்தாக எழுந்து நிற்கும் சுண்ணாம்புக்கல் குன்றுகளும் வரிசையாக வரத் தொடங்கின. சயாமில் நம் நாட்டைப் போலவே இடப்பக்கமாக வண்டி ஓட்டுவதால் அந்த வகையில் சிரமம் இல்லை. சிரமமெல்லாம் மழையினால் வந்தது. அது விட்டு விட்டுப் பெய்யும் மழையன்று. ஒரு மணி நேரம் கண் தெரியாமல் கொட்டி, பிறகு தூறலாக இளைத்து, நனைந்த ஆடை உடம்போடு ஒட்டிச் சூடேறத் தொடங்கும் தருணம் பார்த்து மறுபடியும் கொட்டும் மழை. எதிரே வரும் லாரி ஒவ்வொன்றும் செந்நீரை வாரி இறைத்துவிட்டுப் போயிற்று. பெட்ரோல் பங்குக் கூரைகளின் கீழே ஒதுங்கியபோதெல்லாம் உள்ளூர்ப் பையன்கள் சிலரும் தங்கள் வண்டிகளோடு ஒதுங்கி நின்றார்கள். மழைக்காக யாரும் முகம் சுளிக்கவில்லை. அந்த மழை அவர்களுடைய நெல்லுக்கும் கரும்புக்கும் உயிர். அதே மழையை ஓர் ஆயுதமாக மாற்றியது மனிதன்தான்.

வாங்போவில், குவாய்நோய் ஆற்றின் ஓரத்துப் பாறைச் சரிவைத் தழுவிக்கொண்டு, மரக்கால்களின்மேல் வளைந்து செல்லும் பழைய பாதையில் இன்றும் ரயில் ஓடுகிறது. அது நாம்தோக் நிலையத்தோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் யுத்தம் முடிந்தபின் தண்டவாளங்களைப் பெயர்த்துவிட்டார்கள். காடு தன் சொத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டது.

காஞ்சனபுரியிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் சென்றால் கொன்யூ மலைவெட்டு வருகிறது. ஆங்கிலத்தில் ஹெல்ஃபயர் பாஸ் என்று பெயர் பெற்றுவிட்ட இவ்விடத்தில் ஆஸ்திரேலிய அரசாங்கம் 1998-இல் ஒரு நினைவுக் காட்சிசாலையைத் திறந்து, அருமையாகப் பராமரித்து வருகிறது. அங்கிருந்து மூங்கில் வனத்தினூடே படிகளில் இறங்கிச் சென்றால் பாறையின் இரு சுவர்களுக்கிடையே போய் நிற்போம். சுமார் 75 மீட்டர் நீளமும், ஆழமான இடத்தில் 25 மீட்டர் உயரமுமாக அந்த மலை பிளக்கப்பட்டிருக்கிறது. பிளந்தது எப்படி? இருவர் சேர்ந்த ஜோடி. ஒருவன் எஃகுத் தமரைப் பிடித்துத் திருப்பிக்கொண்டேயிருக்க, மற்றவன் எட்டு, பத்து ராத்தல் சம்மட்டியால் அதன் தலையில் அடிக்கவேண்டும். துளை விழுந்தபின் வெடிமருந்து வைத்துத் தகர்க்க, சிதறிய கல்லை வேறு சிலர் கையாலும் கூடையாலும் வாரிச் சரிவில் கொட்டவேண்டும். நாளொன்றுக்கு ஒரு மீட்டர் துளை என்று தொடங்கிய கணக்கு, நாளாக ஆக, இரண்டு மீட்டர், அதற்கும் மேல் என்று ஏறிக்கொண்டே போயிற்று. வேலை தொடங்கியது 1943 ஏப்ரல் 25. முடிந்தது ஆகஸ்டு மாதத்தில். ஆஸ்திரேலியரும் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் மட்டுமல்லாமல், தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் இதில் வேலை வாங்கப்பட்டார்கள்.

பாறைச் சுவரில் துளைகளின் தடம் இன்றும் புல்லாங்குழலைப் பிளந்து வைத்தாற்போல் நெட்டுக்குத்தாகத் தெரிகிறது. ஓரிடத்தில் முறிந்துபோன தமர் ஒன்று எடுக்க முடியாமல் கல்லுக்குள்ளேயே சிக்கிக் கிடக்கிறது. நான் சென்ற வேளையில் அந்தச் சுவர்கள் இரண்டின்மீதும் நீர் திரையாக இறங்கிக்கொண்டிருந்தது. கீழே சரளைக்கல்லில் கணுக்காலளவு ஓடை. தடித்த காலணி அணிந்திருந்த எனக்கே பாதம் பதியவில்லை. அவர்களில் அநேகருக்குக் காலணி என்பதே அதற்குள் மறந்துபோன பொருள். வெறுங்காலில், ஓடும் நீருக்குள் கண்ணுக்குத் தெரியாத கூர்ங்கற்களின்மேல், இரவில் எண்ணெய் விளக்கும் மூங்கில் கட்டைகளை எரித்த வெளிச்சமுமாக, நாளில் 18 மணி நேரம் வரைக்கும் நின்றார்கள். பகலில் அங்கே போகிறவர்கள் இந்த ஒன்றையாவது மழையில் நின்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

மழை எவ்வாறு கொன்றது என்பதைச் சற்று விவரமாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் இதைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் காவலாளிகளின் கொடுமையைச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். கொடுமை இருந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அடியினால் இறந்தவர்களைவிட நோயினால் இறந்தவர்களே மிகமிக அதிகம். 1943 முடிவுக்குள் பூர்த்தியாக வேண்டுமென்றிருந்த பாதையை அதே வருஷம் ஆகஸ்டுக்குள் முடிக்கவேண்டுமென்று டோக்கியோவிலிருந்து கட்டளை வந்தது. அக்கட்டளையின் பளு முழுவதும் மழைக்கால மாதங்களின்மேல் விழுந்தது. மழை தொடங்கியதும் காட்டுப் பாதை சேறாகி லாரிகள் நின்றுபோயின. லாரி நின்றதால் மேல்பகுதி முகாம்களுக்கு அரிசி வருவது குறைந்தது. அரிசி குறைந்ததால் நோயாளிகளுக்கு அரைப்படி என்ற விதியும் வந்தது. வேலை செய்யாதவனுக்குச் சோறும் பாதி என்று ஆனபின், காய்ச்சலோடும் வேலைக்குப் போகவேண்டியதாயிற்று. கூரை ஒழுகியது, விறகு நனைந்தது, விறகு நனைந்தால் நீரைக் கொதிக்க வைக்க முடியாது. கழிப்பிடக் குழிகள் நிரம்பி வழிந்து, அந்த நீர் ஓடைகளில் கலந்தது. மே மாத நடுவில் வாந்திபேதி மேல்முகாம்களில் தோன்றியபோது, அதற்கு வேண்டிய சகலத்தையும் மழை முன்னதாகவே தயார் செய்து வைத்திருந்தது. மூங்கில் கீறிய சிறு காயம் சில நாளில் எலும்பு தெரியும் புண்ணாகப் பெருகியதும், மலேரியாவும் சீதபேதியும் பெரிபெரியும் ஒரே உடம்பில் கூடிக் குடியிருந்ததும் அதன்பிறகு ஆச்சரியமானவையல்ல.

இங்கேதான் சரித்திரம் ஒரு கேள்வியை நம்முன் வைக்கிறது. ஒரே மழை, ஒரே எஜமானர்கள், ஒரே காடு. கைதிகளில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் இறந்தார். 12 ஆயிரத்துக்கும் மேல். ஆசியத் தொழிலாளரில் இறந்தவர்கள் 80 ஆயிரத்திலிருந்து 1 லட்சம் வரை என்று பலவாறாக மதிப்பிடுகிறார்கள். விகிதம் இரு மடங்கு. ஏன்?

கைதிகளுக்குள்ளேயே இதற்கு ஒரு சாட்சியம் கிடைக்கிறது. ‘எஃப்’ படை என்ற பெயரில் 1943 ஏப்ரலில் சிங்கப்பூரிலிருந்து அனுப்பப்பட்ட 7 ஆயிரம் பேரில் பாதிக்குச் சற்று அதிகம் ஆஸ்திரேலியர், மற்றவர் ஆங்கிலேயர். பான்போங்கிலிருந்து சுமார் 300 கிலோமீட்டரை இரவு இரவாக, மழையில் நடந்தே கடந்து, மூன்று பகோடாக் கணவாய்க்கு அருகேயுள்ள முகாம்களை அடைந்தார்கள். சுமார் 3,100 பேர் மாண்டார்கள். அவர்களில் ஆஸ்திரேலியர் ஏறக்குறைய ஆயிரம்; ஆங்கிலேயர் 2 ஆயிரம். இவ்வளவு வித்தியாசம் நேர்ந்ததற்குப் பல காரணங்கள் கூறுவர். வந்தவர்களின் உடல்நிலை ஒன்று. ஆனால் கொதிக்க வைக்காத நீரை ஒருவனும் வாயில் வைக்கக்கூடாது, சாப்பாட்டுத் தட்டைக் கொதிநீரில் முக்காமல் சோறு வாங்கக்கூடாது, கழிப்பிடம் தோண்டுவதற்கு ஆள் ஒதுக்காமல் வேலைக்கு ஆள் அனுப்பக்கூடாது என்று கட்டளையிடவும், இட்ட கட்டளைக்குக் கீழ்ப்படியச் செய்யவும் ஓர் அமைப்பு எந்த முகாமில் உறுதியாக நின்றதோ, அந்த முகாமில் சாவு குறைந்தது என்பதில் அங்கிருந்த மருத்துவர்கள் ஒரே கருத்துடையவர்களாயிருந்தார்கள். எட்வர்டு டன்லப் போன்ற மருத்துவர்களின் பெருமை கத்தி பிடித்ததில் மட்டுமல்ல. இந்த ஒழுங்கைக் கட்டிக் காத்ததிலும் இருக்கிறது.

மலாயாவிலிருந்து வந்த நம்மவர்களுக்கு இதில் எது இருந்தது? யுத்தம் வந்ததும் ரப்பர் ஏற்றுமதி நின்றது. வெள்ளைக்கார துரைமார் ஓடினர் அல்லது சிறைப்பட்டனர். தோட்டங்களில் வேலையும் இல்லை, அரிசியும் இல்லை. மூன்று மாத வேலை, நாளொன்றுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடும் குடியிருப்பும் இலவசம் என்ற விளம்பரத்தை நம்பி முதலில் சிலர் போனார்கள். போனவர்கள் திரும்பவில்லையென்று தெரிந்ததும் மற்றவர்கள் மறுத்தார்கள். பிறகு தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கை விதித்துக் கிராணியையும் கங்காணியையும் நெருக்கினார்கள். இலவசமாகச் சினிமா காட்டுவதாக அழைத்து, கதவை அடைத்து, அப்படியே லாரியில் ஏற்றிய கதையைத் தப்பிவந்த முதியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். இவ்விதமாக மலாயாவிலிருந்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொண்டுபோகப்பட்டனர், பெரும்பாலோர் தமிழர், சிலர் மனைவி மக்களோடும் போனார்கள். அவர்களுக்கு மருத்துவர் இல்லை. அதிகாரிகள் இல்லை. நீரைக் கொதிக்க வை என்று அதட்டிச் சொல்வதற்கு ஒருவர் இல்லை. வாந்திபேதி கண்ட முகாமிலிருந்து பயந்து ஓடியவர்கள் அதை அடுத்த முகாமுக்குச் சுமந்து சென்றார்கள். சிங்கப்பூரின் சாங்கிச் சிறையிலிருந்து ‘கே’, ‘எல்’ என்ற இரு மருத்துவக் குழுக்களைக் கூலிமுகாம்களுக்காக ஜப்பானியர் வரவழைத்தது 1943 நடுவில்தான். இரண்டும் சேர்ந்து சுமார் 350 பேர். அவ்வளவு பேரையும் 400 கிலோமீட்டர் காட்டில் சிதறடித்துவிட்டால் என்ன நடக்கும்? மலாயாவில் தோட்ட மருத்துவராயிருந்து பின்பு கைதியான ராபர்ட் ஹார்டி ரகசியமாக எழுதி வைத்த நாட்குறிப்பில் இக்கூலிமுகாம்களின் நிலையைப் பற்றிக் காதில் விழுந்ததையெல்லாம் பதிந்திருக்கிறார். படிப்பதற்கு மனத்திடம் வேண்டும்.

இன்னொன்றும் அவர்களுக்கு இல்லாமற்போயிற்று. தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்களத்தில் ஒவ்வொருவனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் குறி போட்டார்கள். கூலிக் கணக்குக்காகத்தான் அது, என்றாலும் பெயர் எழுதப்பட்டது. ரயில் பாதையிலோ தலைகளின் எண்ணிக்கை போதுமென்றிருந்தது. கைதிகளோ, காகிதம் வைத்திருந்தால் உதை என்ற நிலையிலும், இறந்தவன் பெயரையும் தேதியையும் புதைத்த இடத்தையும் எழுதி, புட்டியிலும் தகரக் குப்பியிலும் அடைத்து, கல்லறைக்குள்ளேயே ஒளித்து வைத்தார்கள்.

தொங்பாபூம் தாண்டிய பிறகு சாலை மலையேறுகிறது. வளைவுகளில் சேறு வழிந்து தார் மறைந்திருந்தது. இரண்டாம் கியருக்குமேல் போக மனம் துணியவில்லை. தொங்பாபூமுக்கு முன்பே வழியில் வருவது ஹின்தாட் என்ற வெந்நீர் ஊற்று. யுத்தகாலத்தில் ஜப்பானியச் சிப்பாய்கள் கண்டுபிடித்துத் தொட்டி கட்டியது. மழையில் நனைந்துகொண்டே வெந்நீரில் அமர்ந்திருந்த உல்லாசப் பிரயாணிகள் என்னையும் அழைத்தார்கள். குளிருக்கு அது மிகவும் இதமாகத்தான் இருந்தது என்பதை மறைப்பானேன். தொங்பாபூமுக்கும் அப்பால், 1943 அக்டோபர் 17-இல் இரு முனைத் தண்டவாளங்களும் சந்தித்த கொன்கொய்ட்டாப் பகுதியைத் தேடுவோருக்குக் கண்ணில் படுவது நீர்ப்பரப்பு; 1980-களில் கட்டிய காவ்லேம் அணையின் நீர்த்தேக்கம் பாதையின் ஒரு பகுதியைத் தன்னுள் அடக்கிக்கொண்டது. சங்க்லாபுரியில் மோன் மக்கள் கட்டிய நீண்ட மரப்பாலம் 2013 ஜூலையில் பெருமழை வெள்ளத்தில் நடுவே அறுந்துபோய், மறுவருஷம் திரும்பக் கட்டப்பட்டது. 1943-இல் மூங்கில் குடிசையில் நோயோடு படுத்திருந்தவனை அத்தகைய வெள்ளம் எப்படி விட்டு வைத்திருக்கும்?

மூன்று பகோடாக் கணவாயில் அப்பெயர்க்குரிய மூன்று வெண்ணிறத் தூபிகளும் சாலை நடுவே மிகச் சிறியவையாக நிற்கின்றன. பர்மியப் படைகள் அயுத்தியாவின்மேல் இவ்வழியாகவும் படையெடுத்து வந்தன. இதைத் தவிர அங்கே சொல்வதற்கு அதிகமில்லை. கடைகளில் மரச்சாமானும் கல்நகையும் விற்கிறார்கள்.

திரும்பும்போது காஞ்சனபுரி யுத்த மயானத்தில் மாலை வரைக்கும் இருந்தேன். ஏறத்தாழ 7 ஆயிரம் கல்லறைகள். ஒவ்வொன்றிலும் வெண்கலத் தகடு. அநேகமாக எல்லாவற்றிலும் பெயர், படைப்பிரிவு, வயது. இருபத்திரண்டு, இருபத்தைந்து, முப்பத்தொன்று. இது எவ்வாறு சாத்தியமாயிற்று என்று கேட்டால், 1945 செப்டம்பரில், சரணாகதி நடந்து சில வாரங்களுக்குள், ஒரு சிறு குழு அதே ரயிலில் ஏறிப் பாதை நெடுகப் பயணம் செய்து, கைதிகள் ஒளித்துவைத்த குறிப்புகளைக் கொண்டு 144 புதைகாடுகளில் 10 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கண்டெடுத்தது என்பதே விடை. அந்தக் குழு கூலிகளின் புதைகுழிகளைத் தேடி வந்ததல்ல. தேடியிருந்தாலும் அதன் கையில் பட்டியல் இல்லை. 1990-இல் காஞ்சனபுரியின் கரும்பு வயலொன்றில் எலும்புகள் குவியலாகக் கிடைத்தபோது அவற்றுக்கு உரியவர்களை அடையாளம் காட்ட ஒரு துண்டுக் காகிதமும் கிடைக்கவில்லை. மலேசியத் தமிழர்களின் முயற்சியினாலும் தமிழக அரசின் உதவியினாலும், 2023 மே மாதம் அந்நகரத்து வாட் தாவோன் ஆலய வளாகத்தில் தமிழ்த் தொழிலாளர்களுக்காக ஒரு நடுகல் நாட்டப்பட்டது. யுத்தம் முடிந்து 78 வருஷம் கழித்து நடந்த காரியம் அது. தாமதமானாலும் செய்தவர்கள் வணக்கத்துக்குரியவர்கள்.

தப்பி மலாயாவுக்குத் திரும்பியவர்களின் கதையை அடுத்த அத்தியாயத்தில் கூறுவேன். அதற்குள் வாசகர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் குடும்பத்தில் சயாமுக்குப் போனார், திரும்பவில்லை என்று பாட்டியோ தாத்தாவோ எப்போதாவது சொன்னதுண்டானால், அவர் பெயர், தகப்பனார் பெயர், மலாயாவில் இருந்த தோட்டம், தமிழ்நாட்டில் பிறந்த ஊர் ஆகிய நான்கையும் இன்றே ஒரு தாளில் எழுதி, பிள்ளைகளிடம் கொடுத்து வையுங்கள்.